தெருவின் பெயர் கட்டாயம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும் விதமாக நாலு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஊக்கமூட்டுவது என் தொழில் இல்லை. அதற்குத்தான் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு துணிப்பை தந்திருப்பார்கள். அதில் ‘எவரையும் விட்டுவிடாத இணையம்’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கும். தமிழில் மட்டும் ஒரு எழுத்தை விட்டிருப்பார்கள். பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மரக்கறி வாங்கப் போக நல்லது.

நம் வேலை என்னவென்று யாராவது கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு இருபது வருடம் ஆகியும் என் மாமியாருக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை. இணையத்தை யார் ஆள்வது, ஒருவர் படைத்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் யார் தட்டிக்கேட்பது என்று நாடுகள் கூடிப் பேசுகின்றன. பேசி முடித்து விதி எழுதுகின்றன. அந்த விதி கடல் கடந்து, கொழும்பு கடந்து, ஹட்டனில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற நம் கந்தோருக்கு, அதாவது இந்த அலுவலகத்துக்கு, வந்து சேர்கிறது. அங்கே அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்து நிற்கிற ஆளின் முகத்தையும் பார்க்க வேண்டியவர்கள் நாம். விதி எழுதியவர்களுக்கு அந்த இரண்டாவது தொந்தரவு கிடையாது.

என் காலத்துப் பணிப்பாளர் கொழும்புக்காரர். நல்ல மனிதர். யாரையும் கோபித்துப் பேச மாட்டார், யாருக்காகவும் கோபப்படவும் மாட்டார். மூன்று அமர்வும் ஒரு தேநீர் இடைவேளையும் இருந்தால் உலகத்தில் எந்தச் சிக்கலையும் தீர்த்துவிடலாம் என்று மனதார நம்பினார். ஒவ்வொரு வருடமும் நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் சர்வதேச ஒத்துழைப்பு மாநாடு நடக்கும். எல்லா நாடும் ஒத்துழைக்கும். குளிருக்கு ஹீட்டர்தான் ஒத்துழைக்காது.

அந்த வருட மாநாட்டுக்கு நாங்கள் பெயர் அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் சாந்தினி டீச்சர் மாடி ஏறி வந்தார். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கீழ்ப் பிரிவுக்காரர். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கிருந்து வக்கீல் கடிதம் வரும், அதையும் நீங்கள்தான் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டிவரும். சாந்தினி, குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசை அறைகளாகக் கட்டிய தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, அதே லயத்தில் தாய் தகப்பனோடு இருந்துகொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். வயது முப்பது இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மிஸ், நான் என்னத்தத் திருடுனேன்னு கேட்டுச் சொல்லுங்க,” என்று போனை என் முன்னால் வைத்தார்.

பெரிய காணொளித் தளம் ஒன்றிலிருந்து வந்த மின்னஞ்சல். பதிப்புரிமை மீறலுக்காக நீக்கப்பட்ட இன்னொரு கணக்குடன் உங்கள் கணக்கு தொடர்புடையது, ஆகவே இதுவும் நீக்கப்படுகிறது, எங்கள் சமூகத்தில் இருந்தமைக்கு நன்றி. அந்த நன்றிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டை விட்டுத் துரத்தும்போது கையில் வெற்றிலை கொடுத்து அனுப்புகிற மாதிரி.

சாந்தினி அந்தத் தளத்தில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கான விஞ்ஞானப் பாடங்களை ஏற்றி வந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, போனை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்து, அடுப்படிச் சாமான்களை வைத்தே பரிசோதனை காட்டுவார். தேத்தண்ணியில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் நிறம் வெளிறுவது ஏன் என்பதில் தொடங்கி அமிலம் முழுவதையும் முடித்துவிடுவார். அக்கரப்பத்தனையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் விஞ்ஞானத்துக்கு வாத்தியார் இல்லாத தோட்டப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் சனல்தான் வாத்தியார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பழைய வினாத்தாள்களைச் செய்துகாட்டும் பாடங்களை அவர் ஏற்றத் தொடங்கிய நேரத்தில்தான் இந்த நன்றி வந்து சேர்ந்தது.

“உங்க போன வேற யாரும் பாவிக்கிறாங்களா டீச்சர்?”

“எங்கம்மா டோர்ச் அடிக்கப் பாவிப்பாங்க.”

“ஒங்க லயத்துல யாராவது படம் கிடம் ஏத்துறவங்க இருக்காங்களா?”

சாந்தினியின் முகம் மாறியது. “அய்யோ. மூணாவது காம்பராவுல முரளி அண்ணன்.”

சிப்பு முரளியை அக்கரப்பத்தனை பஜாரில் தெரியாதவர் கிடையாது. போன் திருத்தும் கடை வைத்திருந்தார். திருத்துவது பெயருக்கு. புதுப் படம் வந்தால் அதை உங்கள் போனின் மெமரி சிப்பில் ஏற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அத்தோடு நிறுத்தியிருந்தால் உலகம் அவரைக் கண்டுகொண்டிருக்காது. ஆசை விடுமா, சொந்தமாக ஒரு சனல் தொடங்கி அதிலும் படங்களை ஏற்றினார். தளத்தின் மெஷின் கண்டுபிடிக்காமல் இருக்க படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டார். முரளியின் சனலில் எல்லாக் கதாநாயகர்களும் இடது கையால்தான் அடிப்பார்கள், இடது கையால்தான் தாலி கட்டுவார்கள். மெஷின் ஏமாறவில்லை. மூன்று எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் தூக்கிப் போட்டது. அது நியாயம்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் சாந்தினிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? கணக்குத் திறக்கும்போது இருவரும் முகவரிக் கட்டத்தில் ஒன்றையே எழுதியிருந்தார்கள். கீழ்ப் பிரிவு, இன்ன தோட்டம், அக்கரப்பத்தனை. வேறு என்னத்தை எழுதுவது? அந்தப் பிரிவில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் அதுதான் முகவரி. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. ஒருவர் ஒரு வீட்டில், ஒரு வீடு ஒரு தெருவில் இருக்கிற ஊரில் வளர்ந்த மெஷின் அது. ஒரே முகவரியில் ஒரு திருடனும் ஒரு டீச்சரும் இருந்தால், திருடன்தான் சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டது.

மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தோம். வீட்டு இலக்கம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். தெருவின் பெயர், அதற்கும் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் என்று அர்த்தம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நிரப்பினாலும், அந்த முகவரியில் நீங்கள்தான் தனியாக இருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

முதலில் கிராம சேவகரிடம் போனோம். சிங்களவர், தங்கமான மனிதர், தமிழும் பேசுவார். கேட்ட உடனே வதிவிடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் கீழ்ப் பிரிவு, இன்ன தோட்டம்.

“வீட்டு நம்பர் ஒண்ணும் போட முடியாதா?” என்று கேட்டேன்.

“என்ன நம்பர் மிஸ் போடுறது? எல்லாருக்கும் ஒரே அட்ரஸ்தானே. முரளிக்கும் போன மாசம் இதுதான் எழுதிக் குடுத்தது,” என்றார்.

ஆக, இருவரும் ஒரே முகவரிக்காரர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அரசாங்க முத்திரையோடு நாங்களே அத்தாட்சி வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்து தோட்டத்துப் பெரிய துரை, அதாவது மனேஜர். துரை என்றால் வெள்ளைக்காரனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் போய் எத்தனையோ காலம். நாற்காலி மட்டும் அப்படியே இருக்கிறது. எங்களை வெளியே வாங்குப் பலகையில் நன்றாகக் காக்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“லயத்துக்கும் நம்பர் இருக்கு, காம்பராவுக்கும் நம்பர் இருக்கு மிஸ். இல்லைன்னு சொல்லல. அது ஆபீஸ் வேலைக்கு. தகரம் மாத்த, சுண்ணாம்பு அடிக்க. அத லெட்டர்ல போட்டு ஆளுங்க கையில குடுக்க ஏலாது.”

“ஏன் சேர்? உள்ள நம்பரத்தானே கேக்குறோம்.”

“இன்னைக்கு வீட்டு நம்பர்னு கேப்பாங்க. நாளைக்கு அந்த நம்பருக்குக் காணி உறுதிப் பத்திரம் கேப்பாங்க. அப்ப நீங்களா வந்து பதில் சொல்றது?”

நானும் கொட்டகலைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள்தான். அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை.   வெளியே வந்து ரோட்டில் நடக்கும்போது சாந்தினி சொன்னார். “மழ பேஞ்சா எந்தக் காம்பரா ஒழுகுதுன்னு மட்டும் எங்களுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும்போல மிஸ்.”

கந்தோருக்குத் திரும்பி நடந்ததைப் பணிப்பாளரிடம் சொன்னேன். அவர் பெயர் அட்டைகளின் நிறம் சரியில்லை என்ற கவலையில் இருந்தார்.

“இது ஒரு சின்ன விசயம்தானே. எங்கட கந்தோர் அட்ரஸையே போட்டு விடுங்களேன்,” என்றார்.

“கீழ சத்தியம் பண்ணச் சொல்லுதே சேர். கொடுத்த விவரம் எல்லாம் உண்மைன்னு.”

“அது சும்மா ஒரு சம்பிரதாயம்.”

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உங்களுக்கும் இந்த நேரம் வரும். நெருக்கடியில் முதலில் தோன்றுகிற குறுக்கு வழி எப்போதும் மேலதிகாரி வாயிலிருந்து, ரொம்ப இரக்கமான குரலில்தான் வரும். நம் கந்தோர் முகவரியை சாந்தினிக்குக் கொடுத்தால் அடுத்து வருகிற ஆளுக்கும் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒரே ஒருவர் முரளி மாதிரி இருந்தால் போதும், மெஷின் எல்லாரையும் சேர்த்து வாரிக் குப்பையில் போடும், நம் கந்தோரையும் சேர்த்து. இது மூளை சொன்ன காரணம். மூளைக்கு முன்னாலேயே கோபம் வந்துவிட்டது. லயத்துப் பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்வதற்கு டவுன்காரர் முகவரியை இரவல் வாங்க வேண்டுமா?

இருந்தாலும் முடிவு என்னுடையது இல்லை. சனல் அவருடையது, பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகள். போன் எடுத்துக் கேட்டேன்.  சாந்தினி, “பொய் அட்ரஸ் போட்டா அப்பறம் நான் நெசமாவே திருடிதானே மிஸ். வேணாம்,” என்றார்.

பணிப்பாளர் வருத்தப்பட்டார். ஆனால் உடனே ஒரு மாற்று யோசனை சொன்னார். அந்தத் தளத்தின் அதிகாரி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து மாநாட்டுக்கு வருகிறார், ‘அடிமட்டக் குரல்கள்’ என்று ஒரு அமர்வு இருக்கிறது, சாந்தினி வந்து மூன்று நிமிடம் பேசட்டும். நல்லவிதமாகப் பேச வேண்டும், குறை சொல்கிற மாதிரி வேண்டாம். இதையும் சாந்தினியிடம் சொன்னேன். “பரீட்சைக்கு ரெண்டு வாரங்கூட இல்ல. நான் அங்க வந்து யாருக்குக் கத சொல்றது? பின்னேரம் எங்க லயத்துப் புள்ளைங்களுக்காவது படிச்சுக் குடுக்கிறேன்,” என்றார். ஆகவே அடிமட்டக் குரலுக்கு ஒரு வெற்று நாற்காலியும் பெயர் அட்டையும் போட்டார்கள். அட்டையின் நிறம் சரியாகத்தான் இருந்தது.

மாநாட்டில் ஒரு பின்னேரம் முழுவதும் தீர்மானத்தின் ஒரு வரியைப் பற்றி விவாதம் நடந்தது. இணையம் அனைவருக்கும் கிடைக்க ‘வேண்டும்’ என்று போடுவதா, கிடைப்பது ‘விரும்பத்தக்கது’ என்று போடுவதா. விரும்பத்தக்கது வென்றது. தேநீர் நேரத்தில் நான் சிங்கப்பூர் அதிகாரியைப் பிடித்தேன். சின்ன வயது, அன்பாகப் பேசினார். முழுக் கதையையும் கேட்டு உச்சுக்கொட்டினார். தன் போனிலேயே அந்தப் படிவத்தைத் திறந்து, பக்கத்தில் இருக்கிற தெருவின் பெயரைப் போடச் சொன்னார். பக்கத்தில் இருப்பது தோட்டத்து ரோடு, அது கம்பெனிக்குச் சொந்தம், அதற்குப் பெயர் கிடையாது என்றேன். விரலைத் திரையில் வைத்தபடி யோசித்தார். பிறகு, இது மிகவும் அபூர்வமான விதிவிலக்கு, இதற்கெல்லாம் எங்கள் முறைமையில் இடம் வைக்கவில்லை என்றார்.

நாங்கள் நின்ற இடத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல். அதற்கு வெளியே மலை நெடுக அந்த அபூர்வமான விதிவிலக்குகள் வரிசை வரிசையாகத் தகரக் கூரையோடு தெரிந்தன. அவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்.

மாநாடு முடிந்த மறுநாள் சாந்தினியோடு அக்கரப்பத்தனை பஜாருக்குப் போனேன். முரளியை நன்றாக ஏசிவிட்டு வருவது ஒன்றுதான் திட்டம். எனக்கு முன்னாலேயே அந்த வேலையை அவர் மனைவி ஆரம்பித்திருந்தார்.

“எம் புள்ள இந்த வருசம் பரீச்ச எழுதுது மிஸ். டீச்சர் பாடத்தப் பாக்க முடியலையேன்னு அழுவுது. இந்த மனுசன் ஊரு படத்தையெல்லாம் திருப்பிப் போட்டு எங்க தலையையும் திருப்பிட்டாரு.”

முரளி கவுண்டருக்குப் பின்னால் ஒடுங்கி நின்றார். “டீச்சர், நான் வேணும்னு செய்யலை. நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு அவங்க நெனப்பாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வேணும்னா எழுதிக் குடுக்கிறேன். நான்தான் திருடன், டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு.”

இருக்கிற கோபத்தில் அதையும் எழுதி வாங்கி, அங்கேயே நின்று தளத்துக்கு அனுப்பினேன். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. நீக்கப்பட்ட கணக்குக்காரரின் கூற்றை ஏற்க முடியாது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? சாந்தினி அதை வாசித்துவிட்டு அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்க்கவில்லை. “ஒரு வாத்தியாரும் இல்லாத பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மிஸ். அதுங்க என்ன பண்ணும்?” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

முரளி கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார். “டீச்சர், அந்தப் பாடமெல்லாம் ஒங்ககிட்ட இருக்கா, அதுவும் போயிருச்சா?”

“எங்கிட்ட இருக்கு. இருந்து என்ன?”

“இல்ல, சிப்புல ஏத்தி விட்டா என்ன? வெள்ளிக்கெழம ஒரு படம் வந்தா சனிக்கெழம பின்னேரத்துக்குள்ள எல்லாத் தோட்டத்துக்கும் போயிருது. உடப்புசல்லாவையில, கொட்டகலையில, எல்லா எடத்துலயும் நம்மாளுங்க கட இருக்கு. பஸ்ஸுல குடுத்து விட்டா எறக்கி எடுத்துக்குவாங்க.”

இதைக் கேட்டுக்கொண்டு நின்றது யார்? அறிவுசார் சொத்துப் பாதுகாப்பு அதிகாரியாகிய நான். திருட்டுப் படம் போகிற வழியையெல்லாம் அடைக்க வேண்டும் என்று அதற்கு முந்திய நாள்தான் நான் தட்டச்சு செய்து கொடுத்த தீர்மானத்தில் பல நாட்டவர் கையொப்பம் வைத்திருந்தார்கள். பணிப்பாளருக்குப் போன் போட்டேன். அவருக்கு முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “திருட்டுப் பட வியாபாரியோட எங்கட பேர் வரவே கூடாது. நான் இதைக் கேக்கவும் இல்லை, நீங்க சொல்லவும் இல்லை,” என்று வைத்துவிட்டார். எனக்கு ஓய்வு பெற ஒரு வருடமும் இல்லை. ஓய்வூதியக் கடதாசிகள் அவருடைய மேசையில்தான் இருந்தன. பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

கடை வாசலில் நின்றபடியே யோசித்தேன். நம் சட்டம் முழுவதையும் பிழிந்து எடுத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். படைத்தவருக்குத்தான் உரிமை, யாருக்குக் கொடுப்பது என்பதும் அவர் இஷ்டம். பாடம் சாந்தினியுடையது. எடுத்துக்கொண்டு போகிற ஆள் யோக்கியனா என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. உரிமையாளர் அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறது. மாநாட்டில் யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு தாளை வாங்கி, பாடங்களைப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க அனுமதி என்று நாலு வரி எழுதி, சாந்தினியிடம் கையெழுத்து வாங்கினேன். சாட்சியாக என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“மிஸ், சும்மா பாடம் மட்டும் ஏத்துனா யாரு வாங்குவா? கூட ஒரே ஒரு படம் போட்டுக்கவா?” என்றார் முரளி.

“இந்தக் கடையில சட்டப்படி இருக்கிற ஒரே சரக்கு இதுதான். இதையாவது சுத்தமா வச்சிருங்க.”

“அப்ப ஏத்துற கூலியாவது...”

சாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கூலி வாங்குனா ஒங்க மகளுக்கு நான் பாடமே சொல்லிக் குடுக்க மாட்டேன் அண்ணே.” முரளியின் மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அனுமதிக் கடதாசியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாமா என்று மட்டும் முரளி கேட்டார். அவர் தொழில் வாழ்க்கையில் வாங்கிய முதல் அனுமதி அது, மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே வாரத்தில் ஒரு பின்னேரம் ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். முன் சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் ஒரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனிலிருந்து சாந்தினியின் குரல் வந்தது. தேத்தண்ணியில் தேசிக்காய் விழுந்தது, நிறம் வெளிறியது. “ஏய், இது அமிலம்டி, நான் சொன்னேன்ல,” என்றாள் ஒருத்தி. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டில் ஏதாவது தொலைந்தால் அந்தோனியாரிடம் சொல்வோம், கண்டுபிடித்துக் கொடுப்பார். இந்த முறை அந்தப் பொறுப்பை முரளிக்குக் கொடுத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆள் தெரிவில் நம் பணிப்பாளருக்கு இருக்கிற கூச்சம் அந்தோனியாருக்கு இல்லை.

பரீட்சை முடிந்தது. பெறுபேறு வந்தபோது, எந்தெந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தோ பிள்ளைகள் சாந்தினிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். முரளியின் மகளும் தேறிவிட்டாள். சனல் மட்டும் வரவில்லை. அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று சாந்தினி என்னைக் கேட்பார். சிப்பில் கொடுப்பது ஒரு அவசரத்துக்குச் சரி. பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டால் சிப்பு பதில் சொல்லாது.

பிறகு ஒருநாள் நம் மாடிப்படியில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டது. பெரிய துரை. தோட்டத்துத் துரை ஒருவர் நம் படியேறி வந்து நான் கண்டது அன்றைக்குத்தான். நானும் உட்காரச் சொன்னேன், அவரும் உட்காரவில்லை.

“மிஸ், எங்க பங்களா சனல் போயிருச்சு.”

தோட்டத்தின் பழைய பங்களாவைக் கம்பெனி வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கு விடுகிறது. பனிமூட்டம், ரோஜாத் தோட்டம், கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற பெண்கள் என்று காணொளி போட்டு, அதைப் பார்த்துத்தான் ஆட்கள் அறை பதிவு செய்வார்கள். சீசன் தொடங்குகிற நேரத்தில் அது மறைந்துவிட்டது. மின்னஞ்சலைக் காட்டினார். எனக்கு வாசிக்கவே தேவையிருக்கவில்லை. வேறொரு கணக்குடன் தொடர்புடையது, சமூகத்தில் இருந்தமைக்கு நன்றி. பங்களா இருப்பதும் அதே கீழ்ப் பிரிவில்தான்.

“யாரோட தொடர்புன்னு சொல்றாங்க?”

“ஒங்க தோட்டத்துச் சிப்பு முரளியோட சேர்.”

“நானும் அவனும் ஒண்ணா?”

“நமக்கு வேற வேறதான் சேர். மெஷினுக்கு ஒரே அட்ரஸ்தானே.”

அவர் முகத்தைப் பார்க்க நான் இருபது வருடம் வேலை செய்ததற்குப் பலன் கிடைத்தது. ஆனால் நான் சிரிக்கவில்லை. இதுவும் தொழில் ரகசியம்தான், சிரிப்பதெல்லாம் வீட்டுக்குப் போய். கம்பெனி தலைமையகம் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது என்று சொன்னார். என்ன செய்யலாம் என்று கேட்டார்.

“அந்த அட்ரஸ்ல ஒரு வீடு இல்ல, பல வீடு இருக்குன்னு காட்டணும் சேர். கீழ்ப் பிரிவுல யாரார் எந்த லயம், எந்தக் காம்பராவுல இருக்காங்கன்னு தோட்டத்துக் கடிதத் தலைப்புல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் அடிச்சுக் குடுங்க. முரளி அங்க, டீச்சர் இங்க, நீங்க பங்களாவுலன்னு தெரிஞ்சா விட்டுருவாங்க.”

“எல்லார் பேருமா?”

“ஒருத்தர விட்டாலும் மெஷின் சந்தேகப்படும்.”

மெஷின் சந்தேகப்படுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் கொஞ்சம் உறுதியான குரலில் சொன்னேன், அவ்வளவுதான். மாநாட்டில் கற்றுக்கொண்டது.

“தெருவுக்கு என்ன பேர் போடுறது? கட்டாயம்னு நிக்குதே.”

“ஒங்க தோட்டம், ஒங்க ரோடு சேர். நீங்களே வைங்க.”

பங்களா வீதி என்று வைத்தார். பெயர்களும் இலக்கங்களும் வரிசையாக, கீழே அவருடைய கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதம் வந்தது. அதன் பிரதியைக் கீழ்ப் பிரிவுக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும், அவர்கள் மறுக்கவில்லை என்று கையெழுத்து வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். கொடுத்தார். பங்களா சனல் திரும்பி வந்தது. அதே கடிதத்தை வைத்து சாந்தினியின் சனலும் திரும்பி வந்தது, பங்களா வீதி, ஏழாம் லயம், நாலாம் காம்பரா என்ற முகவரியில். முரளியினது வரவில்லை. அதுவும் சரிதான்.

சாந்தினி அன்றைக்கு இரவே போன் எடுத்தார். சனலைப் பற்றி ஒரு வார்த்தைதான் பேசினார். மீதியெல்லாம் அந்தக் கடிதத்தைப் பற்றி. ஒவ்வொரு வீட்டிலும் அதன் பிரதியைக் கண்ணாடித் தாள் ஒட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்களாம். “எங்கப்பா என்னைய ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாரு மிஸ். அவரு பேரு, எங்க காம்பரா நம்பரு, தொரையோட கையெழுத்து. மூணையும் ஒண்ணா எங்க வீட்டுல யாரும் பாத்ததில்லயாம்.”  

கண்ணாடித் தாள் ஒட்டிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒட்டும்போது முரளி தன் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பின்னேரத்துக்குள் அது எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் மற்றத் தோட்டங்களில் ஆட்கள் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். அங்கே குடுத்திருக்காங்களே, எங்களுக்கும் குடுங்க.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் பெரிய துரை போன் எடுத்தார். மற்றத் துரைமாரும் தலைமையகமும் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள், குரலே சொன்னது.

“மிஸ், அது என் லெட்டர். நான் எழுதினது. என் பர்மிசன் இல்லாம ஊரெல்லாம் பரப்புறாங்க. அது கொப்பிரைட் தானே? ஒங்க வேலையே அதுதானே? எல்லா எடத்துலயும் எடுக்கச் சொல்லுங்க.”

“கட்டாயம் சேர். முறைப்பாட்டுப் படிவத்த இப்பவே அனுப்புறேன். கடைசியில ஒரு எடம் இருக்கும், அதுல மட்டும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுருங்க.”

“என்னன்னு?”

“அந்த லெட்டர் உண்மையானது, நீங்கதான் எழுதுனீங்க, அதுல உள்ள ஒவ்வொரு வார்த்தையும் ஒங்களோடதுதான்னு.”

நாளைக்குக் காணி உறுதி கேட்டு வருகிறவர்களுக்கு அது அவரே எழுதித் தந்த சாட்சியாகிவிடும் என்று புரிந்திருக்க வேண்டும், அவர் போனை வைத்துவிட்டார். படிவத்தை அனுப்பினேன், திரும்பி வரவில்லை. இனி வந்தால் உங்கள் மேசைக்குத்தான் வரும், பிள்ளைகளே. வந்தால் நிதானமாகப் பாருங்கள், அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதீர்கள்.